ஈனாம்பேச்சிக்கு ஒரு கைச்சீட்டு

மலையாள நாட்டுத் தலைநகரில், ஆரியசாலைக் கடைத்தெருவில் சுக்கு மொத்த வியாபாரம் செய்யும் சிவதாணு பிள்ளைக்குப் பயம் பூர்வீகச் சொத்து. அப்பா வழியில் போலீஸ் பயமும் அம்மா வழியில் சர்க்கார் பயமும் வந்து சேர்ந்திருந்தன. தபால்காரர் காக்கி உடுத்துகிறார் என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் கண்டால் எழுந்து நிற்பார். ஓட்டுப் போடப் போனால், விரலில் மை வைக்கிறவரிடம் தன்மேல் ஏதும் குற்றம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் வருவார். இப்படிப்பட்ட மனிதரின் சரக்குக் கிட்டங்கியில் போயா அது வந்து இறங்க வேண்டும்?

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், ஆடி மாதம். மலையடிவாரத்து வித்துராவிலிருந்து வந்த லாரியில் சுக்கு மூட்டைகளுக்கு மேலே காலிச் சாக்குக் கட்டு ஒன்று கிடந்தது. சுமடு இறக்கும் பிச்சைக்கனி அதைத் தோளில் வாங்கிக் கிட்டங்கியில் போட்டதும் கட்டுக்குள்ளிருந்து பந்து போல ஒன்று உருண்டு வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றது. பந்துக்கு மேலெல்லாம் செதில். ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய, மண்நிறச் செதில்கள்.

பிச்சைக்கனி மேலப்பாளையத்துக்காரன். ஆரியசாலைக்கு வந்து இருபது வருஷமாகிறது. குனிந்து பார்த்துவிட்டு, "மொதலாளி, இது ஈனாம்பேச்சில்லா. எங்க ஊர்ல அழுங்கும்பாவ. பாவப்பட்ட சீவன், பல்லுகூடக் கெடையாது. சாயங்காலம் லாரி திரும்பிப் போவும்போ ஏத்தி விட்டுருவோம், வந்த எடத்துக்கே போயிரும்" என்றான்.

உலகத்திலேயே அதைவிட நல்ல யோசனை அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்க முடியாது. ஆனால் சிவதாணு பிள்ளை போன வாரம்தான் பேப்பரில் படித்திருந்தார்: ஈனாம்பேச்சியைப் பிடித்தாலோ, வைத்திருந்தாலோ, கொன்றாலோ ஏழு வருஷம் வரைக்கும் உள்ளே. அவருக்கு வயது ஐம்பத்து நாலு. ஏழைக் கூட்டிப் பார்த்தார். அறுபத்தொன்று வந்தது. பயந்தவனுக்கு வருகிற மாதிரி நேர்மை வேறு யாருக்கும் வராது. சர்க்காரிடம் நாமே போய் உண்மையைச் சொல்லிவிட்டால் சர்க்கார் நம்மை ஒன்றும் செய்யாது என்று தீர்மானித்து, டெலிபோன் டைரக்டரியில் 'பிராணி' என்று தொடங்கும் அலுவலகத்தைத் தேடினார். ஒன்றே ஒன்று இருந்தது.

அது பேட்டையில் இருந்தது. பெயர், பிராணி இன நிர்ணய அலுவலகம். இந்தப் பிராணி இன்ன இனம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுப்பதுதான் அதன் வேலை. அறுபத்தெட்டுப் பேர் சம்பளம் வாங்கினார்கள். வாசலில், 'இனம் தெரியாத பிராணி இல்லாத பிராணி' என்று மூன்று மொழியில் எழுதி வைத்திருந்தார்கள். சிவதாணு பிள்ளை அதைப் படிக்கவில்லை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, ஓலைக்கூடைக்குள் பந்தாகக் கிடந்த ஈனாம்பேச்சியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சூப்பிரண்டு தாசையன் பாறசாலைக்காரர். வீட்டில் தமிழும் ஆபீசில் மலையாளமும் பேசிப் பேசி இரண்டும் ஒட்டிப்போன நாக்கு. ஏழாம் நம்பர் பாரத்தை எடுத்து விரித்தார். அதில் நான்கு கட்டங்கள் இருந்தன: பாலூட்டி, பறவை, ஊர்வன, மீன். கீழே, 'பொருந்தாததை அடிக்கவும்' என்று இருந்தது.

"பேடிக்கண்டாம் முதலாளி, பயப்படாதீங்க," என்றார் தாசையன். "இது பால் கொடுத்து நீங்க கண்டுண்டா?"

பாலை எங்கே காண, இன்று காலையில்தானே வந்தது என்றார் சிவதாணு பிள்ளை.

தாசையன் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். செதில் தெரிந்தது. பேனாவைத் திறந்து 'பாலூட்டி' என்ற கட்டத்தை இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் அடித்தார். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வைத்து, மேலதிகாரியின் எதிரொப்பத்துக்கு உள்ளே அனுப்பினார். அது மூன்றே நிமிஷத்தில் ஒப்பமாகித் திரும்பி வந்தது. அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் மூன்று நிமிஷத்தில் முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

அப்படியானால் பிராணியை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாமா என்று சிவதாணு பிள்ளை கேட்டார். தாசையனுக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது.

"எந்த முறியில, எந்த ரூம்ல கொண்டு வைக்க? பறவை முறி வேற, ஊர்வன முறி வேற, மீன் தொட்டி வேற அல்லே? இனம் தெரிஞ்சாத்தான் முறி. அது வரைக்கும் கண்டெடுத்த ஆளுகிட்டத்தான் இருக்கணும். ஒரு கைச்சீட்டு எழுதித் தரணும், அவ்வளவே உள்ளூ."

கைச்சீட்டு என்றால் பொறுப்பேற்றுக்கொண்ட பத்திரம். மேற்படி உருப்படி ஒன்றை உயிரோடும் ஆரோக்கியத்தோடும் வைத்திருப்பேன், இடம் மாற்றமாட்டேன், செத்துப்போனால் நான் கொன்றதாகவே கொள்ளப்படும் என்று அதில் அச்சடித்திருந்தது. வைத்திருப்பதே குற்றம் ஆயிற்றே என்று சிவதாணு பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டார். அது குற்றம்தான், ஆனால் கைச்சீட்டு இருக்கிறது என்றார் தாசையன். அப்படியானால் குற்றம் இல்லையா? இருக்கிறது, இன நிர்ணயம் ஆகும் வரைக்கும் அதைக் கேஸாக எடுக்கமாட்டார்கள் என்றார். சிவதாணு பிள்ளை கையெழுத்துப் போட்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு ஆரியசாலைக்குத் திரும்பி வந்தார்.

கடைக்கு மேல் மாடிதான் வீடு. மனைவி செண்பகவல்லி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஈனாம்பேச்சிக்கு மரப்பட்டி கூட்டுன்னு, அழுங்குக்கு மரநாய் சேக்காளின்னு இங்க சொல்லுவாவ. இந்த ஆபீசுக்கு நீங்க கூட்டு. சரி, இதுக்குத் திங்க என்ன குடுக்கணும்னாவது கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லை. அதைப் பிச்சைக்கனிதான் சொன்னான். எறும்பும் கறையானும்தான் தின்னும், வேறொன்றையும் மோந்துகூடப் பார்க்காது. அன்றுமுதல் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் எறும்பு பிடிப்பதே பிழைப்பாயிற்று. பழவங்காடிப் பக்கம் தெரிந்தவர்கள் வீட்டு மாமரங்களிலிருந்து முசிறுக் கூடுகளை வெட்டிச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்கள். ஆரியசாலையில் கறையான் பிடித்த கதவுநிலை எந்த வீட்டில் இருந்தாலும் செண்பகவல்லி முறத்தோடு போய் நின்றாள். இருவரின் கையும் கழுத்தும் கடிபட்டுத் தடித்துப்போயின. கடைக்குப் பின்னால் ஒரு சுக்குப் பெட்டிக்குள் மண் நிரப்பி அதை விட்டிருந்தார்கள். கூட்டைக் கொட்டினால் முதலில் அசையாது. ஐந்து நிமிஷம் கழித்துப் பந்து கொஞ்சம் பிளக்கும். கூரான மூக்கு வெளியே வரும். அப்புறம் ஒரு முழ நீளத்துக்கு நாக்கு. காதையும் மூக்கையும் மூடிக்கொண்டு தின்னும். சிவதாணு பிள்ளை எட்ட நின்று அது எத்தனை முறை நாக்கை நீட்டுகிறது என்று எண்ணுவார். குறைந்தால் இன்னொரு கூடு வெட்ட ஓடுவார்.

மூன்றாம் நாள் பறவைப் பிரிவு வந்தது. மூன்று அதிகாரிகள் கிட்டங்கியில் நாற்காலி போட்டு, பெட்டியைத் திறந்து வைத்து, இரண்டு நாள் பார்த்தார்கள். பிராணி பறக்கவில்லை. மூத்த அதிகாரி, 'பறக்கவில்லை என்பது மட்டும் காரணமாகாது, கோழியும் பறப்பதில்லை' என்று குறிப்பெழுதினார். இளைய அதிகாரி இறகு இல்லை என்று சுட்டிக்காட்டினார். இறகு உதிர்ந்திருக்கலாம் என்றார் மூத்தவர். கடைசியில் மூன்றில் இரண்டு ஓட்டில் பறவைக் கட்டம் அடிக்கப்பட்டது. தாசையன் அதற்கும் ஒரு சுருக்கொப்பம் வைத்தார்.

ஏழாம் நாள் மீன் பிரிவு. கல்யாணச் சமையலுக்கு வைத்திருந்த பெரிய வெண்கல வார்ப்புப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பச் சொல்லி, பிராணியை அதற்குள் இறக்கச் சொன்னார்கள். செத்துப்போய்விடுமே சார், கைச்சீட்டு என் பெயரில் இருக்கிறதே என்று சிவதாணு பிள்ளை கைகூப்பினார். "பேடிக்கண்டாம். சத்தா மீனல்ல, அத்தறே உள்ளூ" என்றார் மீன் அதிகாரி. அவர் தமிழ் அறியாதவர். சொன்னது சிவதாணு பிள்ளைக்குப் புரிந்தது. செத்தால் மீன் இல்லை, அவ்வளவுதான்.

இறக்கினார்கள். ஈனாம்பேச்சி பந்தை அவிழ்த்துக்கொண்டு, வாலை ஆட்டி, வார்ப்பைச் சுற்றி அழகாக நீந்தியது. மீன் பிரிவார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செதிலும் இருக்கிறது, நீச்சலும் தெரிகிறது, வேறென்ன வேண்டும் என்றார் ஒருவர். சிவதாணு பிள்ளைக்கு அழுகையும் வேர்வையும் சேர்ந்து வந்தன. மீன் என்று தீர்மானமாகி ஒப்பம் விழுகிற வரைக்கும் அதைத் தண்ணீரிலேயே வைக்கச் சொல்வார்கள். செத்துப்போகும். ஏழு வருஷம். அவர் வேட்டியைக்கூட மடித்துக் கட்டாமல் வார்ப்புக்குள் கையை விட்டு அதைத் தூக்கிவிட்டார். அது அவர் மார்பிலேயே பந்தாகச் சுருண்டுகொண்டது. செதில் விளிம்பு சட்டையைக் கிழித்து நெஞ்சில் கீறியது. 'கண்டெடுத்தவரின் குறுக்கீட்டால் பரிசோதனை தடைப்பட்டது' என்று எழுதி, மீன் கட்டத்தை அடித்தார்கள். குறுக்கீட்டுக்காக ஒரு விளக்க நோட்டீஸ் தனியாக வந்தது.

இதற்கு நடுவில், அந்தப் பிராணி பரம்பரையில் நாய்க்கும் பூனைக்கும் நெருங்கின சொந்தம் என்று வெளிநாட்டில் கண்டுபிடித்திருப்பதாக ஒரு கட்டுரை அலுவலகத்துக்கு வந்தது. கட்டுரையில் இருந்தது ஆராய்ச்சி. அலுவலகம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது முன்னெச்சரிக்கை. பூனைச் சொந்தமென்றால் புலிச் சொந்தமும்தானே? கடை வாசலில் 'அபாயம் - மாமிசபட்சிணி' என்று பலகை வைத்துவிட்டுப் போனார்கள். தினம் காலையில் இரண்டு கிலோ மாட்டிறைச்சி ஜீப்பில் வந்தது. எட்டடித் தூரத்திலிருந்து எறிய வேண்டும் என்று உத்தரவு. செண்பகவல்லி வெள்ளிக்கிழமை விரதக்காரி. மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள். இறைச்சியைக் கொண்டுபோன பிச்சைக்கனி வீட்டில் மட்டும் அந்த நாட்களில் தினம் பெருநாள். சுக்கு வாங்க வருகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனார்கள்.

பதினைந்தாம் நாள் ஊர்வனப் பிரிவு வந்தது. சிவதாணு பிள்ளை மனசுக்குள் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார். ஊர்வன என்றாவது சொல்லிவிடட்டும், பாம்புகளோடு ஒரு முறியில் போட்டாலும் போடட்டும், தன் கையை விட்டுப் போனால் போதும். பிரிவின் தலைவர் பூதக்கண்ணாடியை எடுத்துச் செதில்களுக்கு நடுவே பார்த்தார். நிமிர்ந்தார். அவர் முகத்தில் அப்படியொரு அவமானம்.

மயிர் இருந்தது. செதிலுக்கும் செதிலுக்கும் நடுவில் நாலைந்து முடி. வயிற்றுப் பக்கம் அதற்கு மேலும். தம்முடைய பிரிவில் இருபத்தாறு வருஷமாக மயிருள்ள எதுவும் நுழைந்ததில்லை என்றும், நுழைய விடப்போவதில்லை என்றும் அவர் அறிவித்தார். ஊர்வனக் கட்டத்தை அவரே பேனா வாங்கி இரண்டு தடவை அடித்தார்.

இப்படியாக நான்கு கட்டமும் அடிபட்டுப்போயின. ஏழாம் நம்பர் பாரத்தில் அந்தப் பிராணி எதுவுமே இல்லை.

அடித்ததைத் திரும்ப எழுப்பக் கூடாது என்பது அந்த அலுவலகத்தின் தலையாய விதி. முன்னொரு காலத்தில் ஒரு வௌவாலைப் பறவை என்றும் இல்லை என்றும் பதினொரு முறை அடித்தும் எழுப்பியும் பாரம் கிழிந்துபோய், கோர்ட்டில் மானம் போயிருந்தது. அன்றிலிருந்து, அடித்தது அடித்ததுதான்.

பதினேழாம் நாள் காலையில் செண்பகவல்லி முசிறுக் கூட்டைக் கொட்டிவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பந்து பிளந்தது. வயிற்று மடிப்புக்குள் இன்னொன்று இருந்தது. உள்ளங்கையும் விரல்களுமாக விரித்தால் எவ்வளவோ அவ்வளவு நீளம். செதிலெல்லாம் வெளிறி, ஊறின தோல் போல மெத்தென்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தாயின் மார்பைத் தேடிப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தது. செண்பகவல்லிக்குப் பிள்ளை இல்லை. சத்தம் போடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைக் கூப்பிட்டாள்.

சிவதாணு பிள்ளைக்கு முதலில் சந்தோஷம் வந்தது. பால் குடிக்கிறது, பாலூட்டி, எல்லாம் தீர்ந்தது. அடுத்த நொடியே கைச்சீட்டு ஞாபகம் வந்தது. அதில் உருப்படி ஒன்று என்றுதான் எழுதியிருக்கிறது. இப்போது இரண்டு. இரண்டாவதற்குக் கைச்சீட்டு இல்லை. உடனே ஆட்டோ பிடித்துப் பேட்டைக்கு ஓடினார்.

அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக அலுவலகத் தலைவர் டாக்டர் நீலகண்டனைப் பார்த்தார். கரமனை அக்கிரகாரத்துக்காரர். வீட்டுப் பாஷையை ஆபீசிலும் விடாதவர். மேஜைமேல் கண்ணாடிப் புட்டிகளில் செத்த பல்லிகள் வரிசையாக இருந்தன. சிவதாணு பிள்ளை நின்றபடியே சொல்லி முடித்தார். டாக்டர் நீலகண்டன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"உக்காருங்கோ பிள்ளைவாள். பயப்படாதேங்கோ. பால் குடுத்துதுங்கறேள். நான் இல்லேங்கலை. ஆனா கேட்டேளா, பால் குடுக்கறதுங்கறது ஒரு சம்பவம். பாலூட்டிங்கறது ஒரு பதவி. சம்பவம் நடந்துடுத்துன்னு ஒருத்தருக்குப் பதவி குடுத்துட முடியுமோ? நானே இந்த நாற்காலியோட வேலையைப் பதினாலு வருஷம் பாத்துட்டு அப்புறமாத்தான் இதுல உக்காந்தேன். அந்தக் கட்டத்தை அடிச்சது தாசையன். எதிரொப்பம் போட்டது நான். இப்போ அது பாலூட்டின்னு ஒத்துண்டா தாசையன் தப்பு, நான் தப்பு, என்னை இங்க உக்காத்தி வச்ச சர்க்கார் தப்பு. ஒரு ஜந்து பால் குடுத்ததுக்காக இத்தனை பேர் தப்பாகறது நியாயமோ சொல்லுங்கோ."

நியாயமில்லை சார் என்றார் சிவதாணு பிள்ளை.

குட்டியின் விஷயத்தை டாக்டர் தனியாகப் பார்த்தார். அட்டவணையில் உள்ள அபூர்வப் பிராணியை அனுமதியில்லாமல் கடைக்குப் பின்னால் இனவிருத்தி செய்தது சாதாரணக் குற்றமல்ல என்றும், அதற்கு ஏழு நாளைக்குள் பதில் எழுத வேண்டும் என்றும் சொன்னார். தகப்பன் யார் என்ற கேள்விக்கும் பதிலில் இடம் விட வேண்டுமாம். சொல்லிவிட்டு, பயப்படாதேங்கோ என்று இன்னொரு தடவை சொன்னார். ஒரு மாதத்துக்குள் சிவதாணு பிள்ளைக்கு அந்த வார்த்தை நன்றாகப் பழகிப்போயிருந்தது. சர்க்கார் மனிதர் பயப்படாதே என்று சொன்னால் உடனே மடியில் இருப்பதைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் சம்பவத்தை ஆராய ராஜபாய் வந்தார். அலுவலகத்தில் நாக்குப் பிரிவுக்கு அவர் பொறுப்பு. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தோளில் பை. கூட வந்த குமாஸ்தாவை டீ குடிக்க அனுப்பிவிட்டுப் பெட்டிக்கருகில் குந்தி உட்கார்ந்தார். தாயின் செதிலை விரலால் தொட்டுப் பார்த்தார். அதன் ஓரமெல்லாம் காய்ந்து வெளிறியிருந்தது. நாக்கைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பால் ஊறுது. திங்கறது பத்தாது. நீங்க ரெண்டு பேரும் எத்தனை கூடு வெட்டினாலும் பத்தாது அக்கா," என்று செண்பகவல்லியிடம் சொன்னார். "நாலு நாள். கூடிப்போனா அஞ்சு. அது போச்சுன்னா குட்டியும் போச்சு."

அப்படியானால் அதை நீங்கள் எழுதுங்களேன் அம்மா, பாலூட்டி என்று உங்களுக்குத் தெரிகிறதே என்றார் சிவதாணு பிள்ளை.

"தெரியாம என்ன? இங்க வேலை பாக்குற எல்லாருக்கும் தெரியும். நான் இருபத்திரண்டு வருஷமா நாக்குல இருக்கேன். பால் என் கசேரி இல்ல, அது வேற நாற்காலி," என்றார் ராஜபாய். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரைக்கும் போனவர் திரும்பி நின்றார். "நான் ஒண்ணும் சொல்லல்ல கேட்டீங்களா. வித்துரால எங்க அக்கா வீடு இருக்கு. அதுக்கு அங்கிட்டு, போணக்காடு போற ரோட்டுல நெறைய புற்று. இங்கேருந்து காலம்பற ஆறேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு. நான் ஊர்க் கதையாக்கும் பேசினேன்."

அன்று முழுக்க சிவதாணு பிள்ளை சாப்பிடவில்லை. வைத்திருந்தால் சாகும், செத்தால் ஏழு வருஷம். விட்டால் கைச்சீட்டு மோசடி, அதற்கும் ஏழு வருஷம். இருதலைக்கொள்ளி எறும்பு என்று சொல்வார்களே, அந்த எறும்பையும் அவர்தான் பிடித்துப் போட வேண்டியிருந்தது. செண்பகவல்லி மட்டும் தெளிவாக இருந்தாள். "எப்பிடிப் பாத்தாலும் உள்ள போகப்போறது நீங்கதான். அதுங்க ரெண்டும் என்னத்துக்குப் போகணும்?" என்று கேட்டாள். பதில் தெரியாதபோது அவர் மனைவி சொன்னதைச் செய்கிறவர்.

விடிந்ததும் ஒரு சாக்குப் பையில் பந்தை வைத்து, மேலே வாழையிலை போட்டு மூடிக்கொண்டு பஸ் ஏறினார். பந்துக்குள் குட்டி இருந்தது. கண்டக்டர் பையை உற்றுப் பார்த்து, என்ன என்று கேட்டார். சேனைக்கிழங்கு என்றார் சிவதாணு பிள்ளை. வாழ்க்கையில் அவர் சர்க்கார் ஊழியரிடம் சொன்ன முதல் பொய் அது. கண்டக்டர் நல்ல உருண்ட சேனையாக இருக்கிறதே என்று கையை விடப்போனார். விதைக்கிழங்கு, முளைக்கண் ஒடிந்துவிடும் என்று சொல்லிச் சிவதாணு பிள்ளை பையை மடியில் வைத்துக்கொண்டார். நெடுமங்காட்டில் ஒரு போலீஸ்காரர் ஏறிப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தூங்கி, சிவதாணு பிள்ளையின் தோளில் தலையைச் சாய்த்தார். பைக்குள் ஏதோ அசைந்தது. அங்கிருந்து வித்துரா வருகிற வரைக்கும் சிவதாணு பிள்ளை தோளை அசைக்கவில்லை. கந்த சஷ்டி கவசத்தை ஆரம்பித்து, நடுவில் மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வித்துராவில் இறங்கிப் போணக்காட்டு ரோட்டில் மூன்று மைல் நடந்தார். ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் குத்துச்செடிக்குள் ஒதுங்கினார். ரோட்டை விட்டு இறங்கிய ஒரு சரிவில், ஈரமண்ணில், இடுப்புயரத்துக்கு ஒரு கறையான் புற்று இருந்தது. பக்கத்தில் பையைப் படுக்க வைத்து, வாயை அவிழ்த்துவிட்டு விலகி நின்றார்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. செத்துவிட்டது என்றே நினைத்தார். அப்புறம் பந்து மெல்ல அவிழ்ந்தது. மூக்கு காற்றைப் பிடித்தது. தாய் முன்னங்கால் நகங்களை மடக்கி ஊன்றிக்கொண்டு பையை விட்டு வெளியே வந்தது. குட்டி வாலின் அடியில் ஏறிக் கவ்விக்கொண்டது. தாய் புற்றின் அடிவாரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. நாக்கு உள்ளே போயிற்று. சிவதாணு பிள்ளை பழக்கத்தினால் எண்ண ஆரம்பித்தார். நூறுக்கு மேல் எண்ண முடியவில்லை. கண்ணீர் மறைத்துவிட்டது. பயமில்லாமல் அவர் அழுதது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்தவர் மறுநாள் காலை குளித்து, விபூதி பூசி, ஒரு துணிப்பையில் இரண்டு வேட்டியும் ஒரு துண்டும் பிரஷர் மாத்திரையும் எடுத்துவைத்துக்கொண்டு பேட்டைக்குப் போனார். ஜெயிலுக்கு அங்கிருந்தே கூட்டிக்கொண்டு போவார்கள் என்பது அவர் எண்ணம். செண்பகவல்லி வாசலில் நின்று அழுதாள். டாக்டர் நீலகண்டனின் அறையில், தாசையனும் பக்கத்தில் நிற்க, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ராஜபாய் பெயரை மட்டும் சொல்லவில்லை.

டாக்டர் நீலகண்டன் ஏழாம் நம்பர் பாரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எதை விட்டேள் பிள்ளைவாள்? பாலூட்டியை விட்டேளா? அடிச்சாச்சு. பறவையா? ஊர்வனவா? மீனா? எல்லாம் அடிச்சாச்சு. ஒண்ணுமில்லாததை எப்படி விட முடியும்? அதுவும் போகட்டும். இந்த வருஷம் முழுக்க எங்க ஆபீசுக்கு வந்தது இந்த ஒரே கேஸ். இதை நம்பி மூணு கமிட்டி இருக்கு, ரெண்டு ஜீப் இருக்கு. நீங்க பாட்டுக்கு விட்டுட்டேன்னு வந்து நின்னா அத்தனை குடும்பமும் என்னாகும்? கைச்சீட்டு அமல்ல இருக்கு. உருப்படி உங்ககிட்ட இருக்குன்னு அதுல இருக்கு. அப்போ இருக்கு."

பெட்டி காலியாகக் கிடக்கிறதே சார் என்றார் சிவதாணு பிள்ளை.

காலி என்று காகிதத்தில் வந்தால் ஏழு வருஷம் என்றார் டாக்டர். அதைக் கோபமில்லாமல், விளக்கம் சொல்லுகிற குரலில்தான் சொன்னார். ஆகவே காலி என்று வராமல் பார்த்துக்கொள்வது பிள்ளைவாளுக்கும் நல்லது, அலுவலகத்துக்கும் நல்லது. மாதாமாதம் முதல் வியாழக்கிழமை தாசையன் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார். குட்டியைப் பற்றிய நோட்டீஸ் வாபஸ்: பாலூட்டியல்லாத பிராணி குட்டி போட்டதாகப் பதிவு செய்ய இடமில்லை. பயப்படாதேங்கோ என்று சொல்லிவிட்டு அவர் பாரத்தை மூடினார்.

சிவதாணு பிள்ளை வேட்டியும் துண்டும் இருந்த பையோடு வீடு திரும்பினார். காலிப் பெட்டியை அப்புறப்படுத்தப் போன செண்பகவல்லியைக் கையைப் பிடித்துத் தடுத்தார். அன்று மாலையே புது மண் கொண்டுவந்து நிரப்பினார். புதன்கிழமைதோறும் பழவங்காடி மாமரங்களிலிருந்து முசிறுக் கூடு வெட்டிவந்து பெட்டிக்குள் கொட்டினார். எறும்புகள் எந்த இடைஞ்சலும் இல்லாமல் பெருகிக் கிட்டங்கி முழுக்கப் பரவின. பிச்சைக்கனி கேட்டே விட்டான், யாருக்கு மொதலாளி இதெல்லாம் என்று. சுற்றுமுற்றும் பார்த்தார்.

முதல் வியாழக்கிழமை தாசையன் வந்தார். சுக்குக்காப்பி குடித்தார். கிட்டங்கிக்குள் போய்ப் பெட்டிக்கருகில் குனிந்து, மண்ணின்மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். சிவதாணு பிள்ளை பின்னால் நின்றார். தாசையன் காலி என்று எழுதிவிட்டால்? நிமிர்ந்து எழுந்து கத்திவிட்டால்?

"உறங்குது," என்றார் தாசையன். "பகல்ல உறங்கற சாதி அல்லே. நல்ல ஆரோக்கியம்." நோட்டில் அப்படியே எழுதி, சுருக்கொப்பம் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போய்க் கொஞ்ச நேரம் கழித்து மாடியிலிருந்து செண்பகவல்லி இறங்கி வந்தாள். மத்தியானத்துக்கு என்ன கறி வைக்க என்று வழக்கம்போலச் சத்தமாகக் கேட்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்த சிவதாணு பிள்ளை பதறித் திரும்பி, உதட்டில் விரலை வைத்து, மெதுவாகப் பேசச் சொல்லி ஜாடை காட்டினார்.